மைக்கை அனுப்பாதீங்க, கம்பளியை இறக்குங்க

எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் ஆணி அதிகம், வாசலில் பனி அதிகம். கால்கரி குளிரில் விரல் விறைத்துப்போய் தமிழ்த் தட்டச்சே மறந்துவிட்டது. இன்றைக்கு உட்கார வைத்தது கோபம். யார் மேல் கோபம் என்று கேட்டால், முதல் ஆள் நான்தான். ரெண்டாவது ஆள் நீங்க. :-)

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்களைத் திட்ட வசதியாக இருக்கும்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். தங்கமணிக்கு மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட். மாவட்டம் பாலக்காடு, இடுக்கி என்று வேற வேறயா இருந்தாலும் ரெண்டு பேருக்கும் ரேஷன் கார்டு மலையாளத்தில், தாலாட்டு தமிழில். தங்கமணியின் அக்கா இன்னமும் கொழுந்துதான் கிள்ளுகிறார். அவருடைய மகளை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். டிகிரி முடித்த பிள்ளை. சின்ன வயசிலிருந்தே கதை வாசித்தால் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் வந்து உட்காரும். அப்படி ஒரு குரல். கிழவி பேசினால் கிழவி, நரி பேசினால் நரி.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒருநாள் போனில் கேட்டாள். "சித்தப்பா, ஆடியோ புத்தகத்துக்கெல்லாம் வீட்டிலிருந்தே குரல் கொடுக்கலாமாமே. நல்ல மைக் ஒண்ணு எவ்வளவு ஆகும்?"

இந்தக் கேள்விக்கு ஒரு வெளிநாட்டுச் சித்தப்பா என்ன செய்வான்? விலையா சொல்வான்? கௌரவம் என்னாவது! ரெண்டு நாள் உட்கார்ந்து யூட்யூபில் மைக் விமர்சனமாகப் பார்த்துத் தள்ளி, நல்ல கண்டென்சர் மைக் ஒன்றை வாங்கி, ஊருக்குப் போன ஒரு நண்பர் பெட்டியில் திணித்து அனுப்பினேன். கறுப்பு வெல்வெட் பை, குட்டி ஸ்டாண்ட், எல்லாம் உண்டு. குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டோ. பெரியம்மா, அத்தை, மாமா எல்லோரும் கைகூப்பி பொம்மை போட்டார்கள். கடமை முடிந்தது என்று நானும் ஆணி பிடுங்கப் போய்விட்டேன்.

அடுத்த ஆறு மாசத்தில் பாப்பா அஞ்சு இடத்துக்கு மாதிரி அனுப்பினாள். நாலு இடத்தில் பதிலே இல்லை. அஞ்சாவது இடத்திலிருந்து ஒரே வரி வந்தது. ஒலித் தரம் போதாது, உச்சரிப்பு தெளிவில்லை.

அந்த வரியில் முதல் பாதி அவள் கண்ணில் படவே இல்லை. பட்டாலும், சித்தப்பா வாங்கிக் கொடுத்த மைக்கில் குறை இருக்க முடியுமா? ஆக மிச்சம் இருந்தது அவள் நாக்கு. குழுவில் வேறு ஒரு உறவுக்காரர் அருள்வாக்கு சொன்னார்: "நீங்க அந்தப் பக்கம் வளர்ந்தவங்க, பேச்சுல மலையாள வாடை இருக்கும்மா." முடிந்தது கதை. கோயமுத்தூரில் யாரோ உச்சரிப்புப் பயிற்சி கொடுக்கிறார்களாம், அதற்குக் கட்டணமாம், அதற்கு அக்கா கம்மலை அடகு வைக்கப் போகிறாராம். இதைத் தங்கமணி என்னிடம் சொன்னபோது நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ராத்திரிதான் முதல்முறையாக அவள் அனுப்பிய கோப்பை ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். ஆமாங்க, முதல்முறை. மைக் வாங்கிக் கொடுத்தவன், அதில் பதிந்ததை ஒரு தடவைகூட ஒழுங்காகக் கேட்கவில்லை.

கேட்டதும் வெட்கமாகப் போய்விட்டது. உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. அவள் பேசியது கிணற்றுக்குள் இருந்து. நாலு பக்கமும் சிமெண்டுச் சுவர், கீழே சிமெண்டுத் தரை, மேலே தகரம். ஒவ்வொரு சொல்லும் சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் படுத்துக்கொண்டிருந்தது. நடுவில் பக்கத்து வீட்டுக் குக்கர், எங்கேயோ ஜீப் ஏற்றத்தில் முக்கும் சத்தம், ஒரு சேவல். நான் வாங்கிக் கொடுத்த மைக் ரொம்ப நல்ல மைக். அதனால்தான் இத்தனையும் துல்லியமாகப் பதிந்திருந்தது. அவ்வ்வ்வ்...

இப்போ திட்ட ஆரம்பிக்கிறேன்.

மக்களே, குரல் பதிவுக்கு மைக் முதல் செலவு இல்லை. அறைதான் முதல். இதை மாற்றிச் சொல்கிற ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் அந்த மைக்கை வாங்க ஒரு சுட்டி இருக்கிறது, கவனித்தீர்களா? போர்வை வாங்கச் சொல்லி யாரும் கமிஷன் வாங்க முடியாது, அதனால் போர்வையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாமும் டாலரைத் தட்டினோமா, பெட்டியில் திணித்தோமா, அன்பு காட்டியாச்சு என்று இருந்துவிடுகிறோம். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை, இவ்வளவு நல்ல மைக் இருந்தும் சரியாக வரலையே, அப்போ குறை என்னிடம்தான் என்று நினைத்துக்கொள்கிறது. நாம் அனுப்பிய பொருள் உதவாமல் போனால்கூடப் பரவாயில்லை. அது அவளைக் குற்றவாளியாக்கிவிட்டது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பயப்படாதீங்க, எட்டாம் வகுப்பு இயற்பியல்தான். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். பத்துக்குப் பத்து அறையில் உங்களுக்கு நாலடி பின்னால் சுவர் இருந்தால், உங்கள் குரல் அதில் மோதித் திரும்ப ஆயிரத்தில் ஏழு பங்கு நொடி போதும். இவ்வளவு குறைந்த நேரத்தில் வருவதைக் காது எதிரொலி என்று பிரித்துக் கேட்காது. மலை உச்சியில் கூவினால் திரும்பக் கேட்குமே, அது மாதிரி இல்லை. குரலோடு குரலாகக் கலந்து சில அதிர்வெண்களை ஏற்றிவிடும், சிலதை அழித்துவிடும். கேட்பவருக்கு ஏதோ டப்பா மாதிரி இருக்கே என்று மட்டும் தோன்றும்.

நம் தமிழுக்கு இதில் தனிக் கேடு உண்டு. ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. நாக்கு கொஞ்சம் நகர்ந்தால் எழுத்து மாறும். அந்தச் சின்ன வித்தியாசம் காதுக்குப் போய்ச் சேருவதற்குள் போன எழுத்தின் மிச்சம் சுவரிலிருந்து வந்து அதை மூடிவிட்டால் என்ன ஆகும்? 'வாழை', 'வாளை' மாதிரிக் கேட்கும். உச்சரிப்பு தெளிவில்லை என்று பதில் வரும். சுவர் செய்த தப்புக்கு நாக்குக்குத் தண்டனை. நம்மாளு உடனே மலையாள வாடை என்பார். ஐயா, மலையாளத்தில் ழ இல்லையா? நம்மில் பாதிப் பேர் 'பளம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது ஆலப்புழைக்காரர் தினமும் ஊர்ப் பேரிலேயே ழ பழகிக்கொண்டிருக்கிறார்.

1956-ல் மொழிவாரியாகக் கோடு போட்டார்கள். தோவாளையும் கல்குளமும் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. எங்கள் சித்தூர் தாலுகா அதற்கு முன்னாலிருந்தே கொச்சிச் சமஸ்தானம். கோடு நிலத்தில் போட்டது, நாக்கில் இல்லை. எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தது பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில், 1928-ல். அவருடைய இசையை வைத்துத்தான் தமிழ்நாடே முப்பது வருஷம் அழுதது, சிரித்தது. பாட்டில் வாடை அடித்ததா யாருக்காவது? சரி சரி, விஷயத்தை விட்டு விலகுகிறேன், தங்கமணி முறைக்கிறார்.

அறை என்றதும் இன்னொரு கோஷ்டி முட்டை அட்டையோடு கிளம்பி வரும். முட்டை அட்டையைச் சுவரெல்லாம் ஒட்டினால் ஸ்டுடியோ ஆகிவிடும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! மெல்லிய காகிதக்கூழ் அது. கீச்சென்ற சத்தத்தைக் கொஞ்சம் மழுப்பும், அவ்வளவுதான். ஆண் குரலின் அடித்தளம் நொடிக்கு நூறு அதிர்வுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த ஒலியலையின் நீளம் பதினோரு அடிக்கு மேல். அதை ஒரு அட்டை தடுக்குமா? கடையில் விற்கும் ஒரு இஞ்சு கூம்பு ஸ்பாஞ்சும் பெரிய வித்தியாசம் இல்லை. உச்ச ஒலியை மட்டும் தின்றுவிட்டு அடி ஒலியை விட்டுவிடும். குரல் தெளிவதற்குப் பதில் சளி பிடித்த மாதிரி ஆகும். தடிமன்தான் வேலை செய்யும். தடிமனாக, மெத்தென்று, சுவரை விட்டு நாலு விரல் தள்ளித் தொங்கினால் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

அப்படித் தடிமனாக, மெத்தென்று, காசு கொடுக்காமல் கிடைப்பது எது? நம் ஊர் வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை. பாப்பா வீட்டில் அக்கா மழைக்குப் போர்த்திக்கொண்டு கொழுந்து கிள்ளப் போகும் கம்பளி! வீட்டிலேயே ஒன்றுக்கு மூன்று கிடக்கிறது. நான் கால்கரியில் உட்கார்ந்து மைக் தேடிக்கொண்டிருந்தபோது மருந்து கொடிக்கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது.

என் விஷயத்திலும் அதேதான். இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நான் கதை பதிவு செய்வேன். மரத்தரை போட்ட ஹாலில் பதிந்தால் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்கும். ஒருநாள் பிள்ளைகள் சத்தம் தாங்காமல், குளிர்கோட்டு மாட்டும் அலமாரிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு போனில் பதிந்தேன். எட்டுக் கோட்டுக்கு நடுவில் முகம். கேட்டால் சொக்கிப்போனேன், என் குரலா இது! அப்போதாவது மூளை வேலை செய்திருக்க வேண்டும். பாப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். மைக் வாங்குகிற உற்சாகத்தில் மறந்தே போச்சு.

இதை ஏழைகளின் குறுக்குவழி என்று நினைத்து முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். பிபிசியில் 'தி ஆர்ச்சர்ஸ்' என்று ஒரு வானொலித் தொடர், 1951-லிருந்து ஓடுகிறது. 2020-ல் கொரோனாவால் ஸ்டுடியோ மூடியதும், அந்த வருஷம் மே மாசத்திலிருந்து நடிகர்கள் அவரவர் வீட்டிலிருந்தே பதிந்து அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் பெரிய பெரிய வானொலிக் குரல்கள் எல்லாம் பதுங்கியது துணி அலமாரியிலும் கனத்த போர்வைக்கு அடியிலும்தான். லண்டன்காரன் போர்வைக்குள் போனால் தொழில்நுட்பம், நம் பிள்ளை போனால் பரிதாபமா?

சரி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் வீடியோ போட்டு, ரெண்டு பேருமாக என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

முதலில் மூலை மாற்றினோம். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மைக்கைச் சுவர்ப் பக்கம் வைத்து, மைக்குக்குப் பின்னால் மட்டும் ஒரு துண்டு தொங்கவிட்டிருந்தாள். எல்லோரும் செய்கிற தப்பு. இந்த மாதிரி மைக் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் அதிகம் கேட்கும். அதன் முன்னால் இருப்பது யார்? நீங்கள். உங்களுக்குப் பின்னால்? மொட்டைச் சுவர். ஆகப் போர்வை முதலில் தொங்க வேண்டியது உங்கள் முதுகுக்குப் பின்னால். ரெண்டாவது பக்கவாட்டில். மூன்றாவது தலைக்கு மேல். மைக்குக்குப் பின்னால் தொங்குவது கடைசி. துணி காயப்போடும் கயிற்றை அறைக்குக் குறுக்கே கட்டி, கம்பளி ரெண்டு மடிப்பாக முதுகுக்குப் பின்னால். பக்கத்தில் ஒரு பக்கம் பீரோவைத் திறந்து வைத்து உள்ளே துணி, இன்னொரு பக்கம் மெத்தையைச் சுருட்டி நிற்க வைத்தோம். மேஜை மேல் துண்டு, ஏனென்றால் மேஜைப் பலகையிலிருந்தும் ஒலி திரும்பும். தலைக்கு மேல் இன்னொரு கம்பளி. அக்கா வாசலில் நின்று, "என்னடி, மாட்டுக்குக் கொட்டகை போடுறியா" என்று கேட்டது போனில் தெளிவாகக் கேட்டது.

அடுத்தது தூரம். இதற்குக் காசே கிடையாது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஆறு டெசிபல் ஏறும், அறையின் சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். பாப்பா மூணு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தாள். ஒரு சாணுக்கு இழுத்தோம். பக்கத்தில் வந்ததும் 'ப' வரும் இடமெல்லாம் பட்டாசு வெடித்தது. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்து ஓரமாகத் திருப்பி, நடுவில் எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய நைலான் துணியை இழுத்துக் கட்டி நிறுத்தியதும் அடங்கியது. இதையே கடையில் பெட்டி போட்டு விற்கிறார்கள்.

இவ்வளவும் செய்தபின் ஒரே பத்தியை ரெண்டு விதமாகப் பதியச் சொன்னேன். ஒன்று, பழையபடி மொட்டை அறையில் என் மகா மைக்கில். இன்னொன்று, கம்பளிக்குள் அவளுடைய சாதாரண போனில். பெயர் போடாமல் ரெண்டையும் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்களுக்குப் போட்டுக் காட்டி, எது விலை கூடின மைக் என்று கேட்டேன். ஒருத்தரைத் தவிர எல்லோரும் போனில் பதிந்ததைக் காட்டினார்கள். அந்த ஒருத்தர் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு என்றார். அவர் எங்க ஆபீஸ் மேனேஜர் ஜாதி போல.

அதற்காக மைக்கே வேண்டாமா என்று சண்டைக்கு வராதீங்க. மூன்றாவதாகக் கம்பளிக்குள்ளேயே அந்த மைக்கையும் வைத்துப் பதிந்தோம். அது போனைவிட நிச்சயம் நன்றாக இருந்தது. போனில் லேசான 'உஸ்' உண்டு, மைக்கில் அது இல்லை. மூச்சின் ஈரம்கூடத் தெரிந்தது. நான் சொல்வது வரிசை. அறை, தூரம், நேரம், அதற்குப் பிறகு மைக். முதல் மூன்றும் இல்லாமல் நாலாவதில் ஆயிரக்கணக்கில் கொட்டுவது ஓட்டைப் பானைக்கு வெள்ளிக் கரண்டி.

நேரம் என்றேனே, அது முக்கியம். போர்வை உள்ளே கிளம்பும் சத்தத்தைத் தின்னும், வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது. இந்த ரெண்டையும் குழப்பிக்கொண்டு காசைத் தொலைத்தவர்கள் ஏராளம். வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும், இடுக்கில்லாத கதவும் வேண்டும். லயத்து வீட்டில் அது நடக்காது. நடக்காததற்குச் செலவு செய்யக்கூடாது. பதிலாகக் கடிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும். பாப்பா இப்போது விடிகாலை நாலிலிருந்து அஞ்சரை வரைதான் பதிகிறாள். சேவலுக்கு முன்னால், குக்கருக்கு முன்னால். ஜூன், ஜூலையில் தகரத்தின் மேல் மழை விழ ஆரம்பித்தால் உலகத்தில் எந்த மைக்கும் எந்தப் பொத்தானும் உதவாது. அன்றைக்கு வாசித்துப் பழகலாம், பதியக்கூடாது.

எங்கள் ஊரில் வேறு பாடு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் கொக்கியைப் போட்டு ஆட்டும். ஏப்ரலில் வெயில் நாற்பதைத் தொடும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் போனால் ஆளே அவிந்துவிடுவார். என் தம்பி மகன் அங்கே அஞ்சு நிமிஷம் பதிவு, பத்து நிமிஷம் விசிறி என்று ஓட்டுகிறான். ஜன்னல் கொக்கிக்குப் பழைய சைக்கிள் டியூப் துண்டு. வளைகுடாவில் இருக்கும் அண்ணன்மாருக்கு ஏசி, நமக்கு ஃபர்னஸ். பத்து நிமிஷம் நிறுத்தினால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

மென்பொருள் பக்கம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆடாசிட்டி போதும். 2000-ல் வெளியானதிலிருந்து இன்றுவரை இலவசம். பேசும் சத்தம் உச்சத்தில் மைனஸ் பன்னிரண்டுக்கும் மைனஸ் ஆறுக்கும் நடுவில் ஆடுகிற மாதிரி வைத்துக்கொண்டால் போதும். பூஜ்யத்தைத் தொட்டு உடைந்தால் அதைச் சரிசெய்யவே முடியாது. சத்தமில்லாத அறையைப் பத்து நொடி பேசாமல் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும், இடையில் ஒட்டுப்போட உதவும். அமேசானின் ஆடியோ புத்தக வாசலான ஏசிஎக்ஸ் மூணு எண் கேட்கிறது: சராசரி ஒலி மைனஸ் 23-க்கும் மைனஸ் 18 டெசிபலுக்கும் நடுவில், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டாமல், பேசாதபோது இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே. அங்கே அனுப்பாவிட்டாலும் இந்த மூணையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். பாப்பாவின் பழைய பதிவில் பேசாத இடம் மைனஸ் 41-ல் நின்றது. கம்பளிக்குள், விடிகாலையில், அதே மைக்கில் மைனஸ் 62.

இப்போது எல்லாவற்றுக்கும் ஏஐ இருக்கே, ஒரு பொத்தானை அமுக்கினால் அறைச் சத்தம் போய்விடுமே என்பீர்கள். அமுக்கிப் பார்த்தோம். குக்கர் போனது உண்மை. கூடவே சில இடத்தில் ழகரமும் போனது. வாக்கியக் கடைசியில் குரல் தேய்ந்து முடியுமே, அந்த இடத்தை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு கத்தரித்துவிட்டது. அதிகமாக அமுக்கினால் தண்ணீருக்குள் பேசுவது மாதிரி ஆகிவிடும். மெஷின் ஊகித்துப் போடும் குரலுக்குப் பிள்ளை எதற்கு? லேசாகத் துடைக்கலாம், தேய்த்துக் கழுவக்கூடாது.

நம் வீடுகளில் நடக்கும் இன்னொரு கூத்து, கோப்பை வாட்ஸப் வாய்ஸ் நோட்டாக அனுப்புவது. அது ஒலியை நசுக்கித்தான் அனுப்பும். பாட்டி சொல்லும் கதையைப் பதிந்து வைக்கிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். போனின் ரெக்கார்டரில் பதிந்து, டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போனை விமான நிலையில் வைத்து, பாட்டியைக் கட்டில் மெத்தைக்குப் பக்கம் உட்காரச் சொல்லி, ஒரு சாண் தூரத்தில் தலையணை மேல் போனை வைத்தால் போதும். பாட்டிக்கு எதற்கு மைக்? பார்த்தாலே அவருக்குப் பேச்சு நின்றுவிடும்.

சின்ன வயசில் வீட்டில் அப்பா இலங்கை வானொலி வைப்பார். பி.எச்.அப்துல் ஹமீது, கே.எஸ்.ராஜா குரல்கள் காற்றோடு போய்ப் போய் வரும். அவ்வளவு கரகரப்பிலும் ஒரு சொல் தவறாது. அந்தக் கரகரப்பு கடல் தாண்டி வரும் வழியில் சேர்ந்தது, அவர்கள் உட்கார்ந்து பேசிய அறையில் இல்லை. கிளம்பும் இடம் சுத்தமாக இருந்ததால் வழியில் அடிபட்டும் பிழைத்து வந்தது. நான் அனுப்பிய மைக்கில் நடந்தது இதற்குத் தலைகீழ். வழியெல்லாம் பளபள ரோடு, கிளம்பும்போதே வண்டி நொண்டி.

பாப்பா இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்பீர்கள். கோயமுத்தூர் பயிற்சிக்குப் போகவில்லை. கம்மல் அக்கா காதில்தான் இருக்கிறது. உச்சரிப்பு தெளிவில்லை என்ற அதே இடத்துக்கு அதே பத்தியை, ஒரு எழுத்து மாற்றாமல், ஒரு நாக்கு மாற்றாமல், கம்பளிக்குள் பதிந்து அனுப்பினாள். பதினோரு நாள் கழித்து, சிறுவர் கதை ஒன்றை வாசிக்க முடியுமா என்று கேட்டு வந்தது. பெரிய காசு இல்லை. மாசம் இப்படி ரெண்டு வந்தால் கரண்ட் பில்லும் போன் ரீசார்ஜும் போக கொஞ்சம் மிஞ்சும். சும்மா இருக்கும் நாட்களில் லிப்ரிவாக்ஸில் பழைய நூல் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். 2005-லிருந்து தொண்டர்களை வைத்து நடக்கும் இடம். காசு வராது. ஆனால் கோப்பில் குறை இருந்தால் எடுத்துச் சொல்வார்கள், பழகிக்கொள்ளலாம்.

வாடை என்று சொன்ன உறவுக்காரர் புதுப் பதிவைக் கேட்டுவிட்டு, "பயிற்சிக்குப் போயிட்டு வந்ததும் நல்லா தேறிட்டா" என்று குழுவில் போட்டிருக்கிறார். யாரும் திருத்தவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

போன வாரம் பாப்பா கூப்பிட்டாள்.

"சித்தப்பா, ஒரு சங்கடம். மழை தொடங்கப் போவுது. அம்மாவுக்கு வேலைக்குக் கம்பளி வேணுமாம், கழட்டச் சொல்லுறாங்க."

"மழை நேரத்துல நீ எப்படியும் பதிய முடியாதே, கண்ணு?"

"பகல்லதான் சித்தப்பா பெய்யுது. விடிகாலையில சில நாள் ஓஞ்சு கெடக்கும். அந்நேரம் கம்பளி ஈரமா இருக்கும்."

இங்கே கடையில் நல்ல கனமான போர்வை கிடைக்கிறது. விசாரித்தேன், அனுப்பும் செலவு போர்வை விலையைவிட அதிகம். தங்கமணி ஒரு வார்த்தை பேசாமல் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, மூணாறு பஜாரில் ரெண்டு கம்பளிக்கு ஆகும் காசை அக்கா கணக்கில் போட்டுவிட்டார்.

டிஸ்கி: கால்கரித் தமிழ்ப் பள்ளிக் கதைப் பதிவு வரும் சனிக்கிழமை எங்கள் வீட்டு அலமாரியில். ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் நுழைய முடியும். கோட்டு போட்டுக்கொண்டு வருகிறவர்கள் கழற்றி உள்ளே மாட்டிவிட்டுப் போகவும்.